மூன்றா, நான்கா, ஐந்தா? ஒரு பாறைச் சொல்லும் ஒரு மாணவியின் கடிதமும்

கடிதம் எழுதியவருக்கு வயது 22. ஏற்காட்டை ஒட்டிய மலைக்கிராமம். தந்தை காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர், இப்போது சேலத்தில் நிலவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. சென்ற மாதம் துறைக் கருத்தரங்கில் தம் ஊர்ப் பாறைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். பாறைகள் உருமாறுவதைக் குறிக்கும் ‘மெட்டமோர்ஃபிஸம்’ என்ற ஆங்கிலச் சொல்லை அவர் ‘மெட்டாமார்பிசம்’ என்று சொன்னதும் முன்வரிசையில் இருந்த ஒருவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல, அரங்கம் சிரித்திருக்கிறது. பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்றிரவே அகராதிகளைப் புரட்டியிருக்கிறார். ஓர் அகராதி அந்தச் சொல்லை மூன்று துண்டாகப் பிரித்திருந்தது, இன்னொன்று நான்காக. விடுதித் தோழி கைதட்டி எண்ணிப் பார்த்து ஐந்து என்றார். பள்ளியில் படித்த யாப்பை வைத்துத் தாமே அலகிட்டுப் பார்த்தால் நான்கு அசை வந்தது. குழப்பத்தோடு நகரத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே, “நாக்கு தடிமன், அடியில் ஒட்டியும் இருக்கிறது, மூன்று மாதப் பயிற்சிக்கு 18,000 ரூபாய், தேவைப்பட்டால் சிறிய அறுவை செய்துகொள்ளலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்பவை மூன்று. அந்தச் சொல்லில் உண்மையில் எத்தனை அசை? தம் நாக்கில் குறை இருக்கிறதா? அடுத்த மாதம் வேறொரு கருத்தரங்கில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார், அதிலிருந்து விலகிவிடலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

பேச்சு, கேட்டல் சிகிச்சையில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அறுவைப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்வியில்தான் மற்ற இரண்டுக்கும் விடை இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். அது மிக நல்ல கேள்வியும்கூட.

நீங்கள் பார்த்த மூன்று எண்ணிக்கையும் சரி. ஒவ்வொன்றும் வேறொன்றை எண்ணுகிறது.

அகராதியின் புள்ளி அச்சகத்துக்காக

ஆங்கில அகராதியில் தலைச்சொல்லின் நடுவே வரும் சிறு புள்ளிகள் உச்சரிப்பைக் காட்டுபவை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். அவை முதன்மையாக அச்சுக்கோப்பவருக்கான குறிப்பு: வரியின் கடைசியில் இடம் போதாமல் சொல்லை உடைக்க நேர்ந்தால் எங்கே உடைக்கலாம் என்பதைச் சொல்பவை. தமிழ் அச்சிலும் இப்படி ஒரு கண் உண்டு. உங்கள் மலையின் பெயரான ‘சேர்வராயன்’ என்ற சொல்லை ‘சே’ என்று நிறுத்திவிட்டுப் புள்ளி வைத்த ‘ர்’ எழுத்தை அடுத்த வரியின் தலையில் வைத்தால் படிப்பவரின் கண் தடுக்கும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால் அகராதிக்காரர்களே வழி காட்டிவிடுகிறார்கள்.

ஒற்றை எழுத்தைத் தனியே பிரித்துக்காட்ட அவர்களில் சிலர் விரும்புவதில்லை. அதனால் ‘மெட்ட’ என்ற பகுதியை உடைக்காமல் ஒரே துண்டாக விட்டுவிடுவார்கள். அந்த அகராதியில்தான் நீங்கள் மூன்று கண்டீர்கள். இன்னொருவர் நடுவில் உள்ள ஒற்றை உயிரைப் பிரித்துக்காட்டுவார், நான்காகிவிடும். இருவருமே கடைசியில் வரும் ‘ஃபிஸம்’ என்பதை உடைக்கமாட்டார்கள். ஆங்கில எழுத்தில் அங்கே ஓர் உயிரெழுத்துதான் இருக்கிறது. வாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதிர்வோடு வரும் ‘ஸ்’ ஒலியிலிருந்து உதடுகளை மூடி ‘ம்’ ஒலிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன உயிரொலி தானாகவே பிறந்துவிடுகிறது. எழுதப்படாத அந்த ஒலி ஓர் அசை. ‘ரிதம்’, ‘பிரிஸம்’, ‘மேக்னடிஸம்’ எல்லாவற்றிலும் இதே கதைதான். உங்கள் தோழி கைதட்டி எண்ணியதால் காது கேட்டதை எண்ணினார். மெட்–ட–மோர்–ஃபி–ஸம். பேச்சில் ஐந்து.

உச்சரிப்பு வேண்டுமானால் தலைச்சொல்லை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து சாய்கோடுகளுக்கு நடுவே தரப்படும் ஒலிக்குறிப்பைப் பாருங்கள். அங்கே மேலே நிற்கும் ஒரு சிறு கோடுதான் அழுத்தக்குறி. பெரும்பாலான அகராதிகளில் அது அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் நிற்கும். சில அமெரிக்க அகராதிகளில் அசைக்குப் பின்னால் நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் அழுத்தம் ஓர் அசை தள்ளிப்போய்விடும். எனவே ஓர் அகராதியையே வைத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்புப் பக்கங்களில் குறி விளக்கம் இருக்கும், பத்து நிமிடம் செலவிட்டுப் படித்துவிடுங்கள்.

தேமாந்தண்ணிழல்

நீங்கள் அலகிட்டுப் பார்த்ததைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மெட்/டா/மார்/பிசம்: நேர், நேர், நேர், நிரை. தேமாந்தண்ணிழல் என்று வாய்பாடும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு பிழையற்றது. ஆனால் யாப்பின் அசையும் ஆங்கிலத்தார் எண்ணும் ஒலியசையும் ஒன்றல்ல. நிரையசைக்குள் இரண்டு உயிர் இருக்கிறது. ‘மலை’ யாப்பில் ஓரசை, கைதட்டி எண்ணினால் இரண்டு. ‘சேர்வராயன்’ என்பதை அலகிட்டால் சேர்/வரா/யன் என்று மூன்று அசையில் கூவிளங்காய். ஒலியசையோ சேர்–வ–ரா–யன் என்று நான்கு. உங்கள் நிரையையும் அவிழ்த்துவிடுங்கள், பி–சம் என்று இரண்டாகும். நான்கு ஐந்தாகிவிடும். உங்கள் யாப்பும் தோழியின் கைதட்டலும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

எண்ணிக்கையில் நீங்கள் தவறவே இல்லை. அரங்கில் நடந்தது வேறு.

ஐந்தில் ஒன்றுதான் பெரியது

தமிழில் ஓர் எழுத்து எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் குறில், நெடில் என்று எழுத்தே சொல்லிவிடுகிறது. ஒரு சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பதால் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலம் அப்படி இல்லை. ஒவ்வொரு நீண்ட சொல்லிலும் ஓர் அசை தலைமை ஏற்கும். அது நீளும், உரக்கும், குரலும் உயரும். மற்றவை ஒடுங்கிக்கொள்ளும். கேட்பவர் அந்தத் தலைமை அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறார். ‘மெட்டமோர்ஃபிஸம்’ என்பதில் தலைமை ‘மோர்’. முதலில் உள்ள ‘மெட்’ இரண்டாம் நிலை. ‘ட’ முற்றிலும் ஒடுங்கியது. நீங்கள் அதை ‘டா’ என்று நெடிலாக்கியதால் ஒடுங்க வேண்டிய இடம் ஓங்கிவிட்டது. நம் பாடநூல்களிலும் குறிப்பேடுகளிலும் ‘மெட்டா’ என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். கண் நெடிலைப் பார்த்தது, வாய் நெடிலைச் சொன்னது. அதில் உங்கள் குற்றம் என்ன இருக்கிறது?

ஒடுங்கிய உயிரொலி என்றால் என்ன என்பதை ஆங்கிலப் பயிற்சியாளர்கள் பல வகையில் விளக்குவார்கள். தமிழ் படித்த உங்களுக்கு ஒரு சொல் போதும்: குற்றியலுகரம். ‘நடு’ என்று சொல்லுங்கள், பிறகு ‘நாடு’ என்று சொல்லுங்கள். இரண்டிலும் அதே ‘டு’தான். ‘நடு’வில் உதடு குவிந்து முழு உகரம் வருகிறது. ‘நாடு’ எனும்போது அது அரை மாத்திரையாகக் குறுகி, உதடு குவியாமலேயே போய்விடுகிறது. ‘ஏற்காடு’ என்று நாள்தோறும் சொல்கிறீர்களே, அதன் கடைசி ஒலியை ஒருமுறை கவனியுங்கள். ஒலியை ஒடுக்கும் வேலையை உங்கள் வாய் பேசத் தொடங்கிய நாள் முதல் செய்துவருகிறது. தமிழில் அது பெரும்பாலும் சொல்லின் கடைசியில் நடக்கிறது, ஆங்கிலத்தில் நடுவிலும் நடக்கும். அவ்வளவுதான் வேறுபாடு.

சேலத்துக்காரர்களிடம் இதற்கு ஒரு முன்மாதிரியே இருக்கிறது. ‘மேக்னசைட்’. ரயில் நிலையத்தின் பெயராகவும் வெள்ளைக்கல்லின் பெயராகவும் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். மேக்–ன–சைட் என்று முதல் அசையை ஓங்கி, நடுவில் உள்ள ‘ன’வை ஒடுக்கித்தான் பேருந்து நடத்துநர் முதல் எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் ‘மேக்னாசைட்’ என்று நீட்டுவதில்லை. காதால் கற்ற சொல் அது. ‘மெட்டமோர்ஃபிஸம்’ உங்களுக்குக் கண்ணால் வந்த சொல்.

இனி ஒலிகள். ‘மோர்’ என்பதற்கு நாம் குடிக்கும் மோரை நினைத்துக்கொள்ளுங்கள், வாயைச் சற்றே அகலத் திறந்தால் போதும். பிரிட்டிஷார் பலர் அதன் கடைசி ‘ர்’ ஒலியை விழுங்கிவிடுவார்கள், அமெரிக்கர்கள் சொல்வார்கள், நாமும் சொல்கிறோம். சொல்லுங்கள், தவறில்லை. ‘ஃபி’ என்பதற்கு மேல்பற்கள் கீழுதட்டை மெல்லத் தொட, இடையே காற்று சீற வேண்டும். இரண்டு உதடும் ஒட்டினால் ‘பி’ ஆகிவிடும். கடைசியில் உள்ள ‘ஸ’ பாம்பின் சீறல் அன்று, தேனீயின் ரீங்காரம். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரிய வேண்டும். தமிழில் இதற்கு எழுத்து இல்லாததால் குறிப்பேட்டில் ‘ஸ’ எழுதி அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியைச் சொல்லின் வாலிலிருந்து தொடங்குங்கள். ஸம். ஃபிஸம். மோர்ஃபிஸம். டமோர்ஃபிஸம். மெட்டமோர்ஃபிஸம். முன்னாலிருந்து தொடங்கினால் முதல் அசையில் மூச்சைச் செலவழித்துவிட்டுக் கடைசியில் தடுமாறுவோம். வாலிலிருந்து வந்தால் நன்கு பழகிய பகுதியை நோக்கியே நாக்கு போய்க்கொண்டிருக்கும். இரு கைகளிலும் ஒரு ரப்பர் பட்டையைப் பிடித்துக்கொண்டு ‘மோர்’ வரும்போது மட்டும் இழுங்கள். என்னிடம் வரும் இளைஞர்கள் முதலில் கூச்சப்படுவார்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும், பிறகு பட்டையே தேவைப்படாது.

அழுத்தம் எங்கே விழும் என்பதற்குச் சில சொற்குடும்பங்களில் ஒழுங்கும் உண்டு. ‘லஜி’ என்று முடிபவற்றில் அதற்கு முந்தைய அசை ஓங்கும். ஜி–ஆ–ல–ஜி என்பதில் ‘ஆ’. அதுவே ‘லாஜிகல்’ என்று நீண்டால் அழுத்தம் ‘லா’வுக்கு நகர்ந்துவிடும். ‘இக்’ என்று முடிபவற்றில் அதற்கு முந்தைய அசை: மெட்டமோர்ஃபிக், வால்கானிக். கணக்கைக் குறிக்கும் ‘அரித்மெட்டிக்’ போன்ற விலக்குகள் உண்டு, ஆனால் உங்கள் துறையில் இந்த இரண்டு ஒழுங்குமே பாதிச் சுமையைக் குறைத்துவிடும். பாறைப் பெயர்களில் எழுத்தை நம்ப வேண்டாம். ‘நைஸ்’ என்ற பாறைப் பெயர் ஆங்கில எழுத்தில் ‘ஜி’யில் தொடங்கும், அந்த எழுத்து ஒலிக்காது. ‘மேக்னசைட்’ என்பதில் ‘ஐட்’ என்று ஒலிக்கும் அதே முடிவு, ‘கிரானிட்’ என்பதில் ‘இட்’ என்று குறுகிவிடும்.

நாக்கின் மேல் பழி வேண்டாம்

இப்போது அந்த மையத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருந்து நாக்கு அசைய முடியாமல் போவது உண்மையில் உண்டு. பெரும்பாலும் பால் குடிக்கத் திணறும் கைக்குழந்தையிடமே அதைக் கண்டுபிடித்துவிடுவோம். அது இருக்கும் ஒருவர் நாக்கை நீட்டினால் கீழுதட்டைத் தாண்டுவது கடினமாக இருக்கும், நுனி நடுவில் பள்ளம் விழுந்து தெரியலாம். நீங்கள் எட்டாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். ‘ழ’கரத்தை நாக்கை வளைத்துச் சொல்பவர், ‘ல’, ‘ள’, ‘ர’, ‘ற’ ஆகியவற்றைப் பிரித்துச் சொல்பவர். அந்த நாக்கு எங்கே ஒட்டியிருக்கிறது?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு வராத ஒலி ‘ஃபி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது பல்லும் உதடும் சேர்ந்து செய்யும் ஒலி. அதில் நாக்குக்கு வேலையே இல்லை. நாக்கின் அடியை வெட்டினால் அது எப்படி வரும்?

பேச்சுச் சிகிச்சை அளிப்பவர் யாராக இருந்தாலும் அவருடைய படிப்பு என்ன, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்கத் தயங்காதீர்கள். முறையாகப் பதிவு பெற்றவர் பதிவு எண்ணைக் காட்டுவார். குறை என்று வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வெளியே வந்துவிடலாம்.

எந்த நிலையில் பரிசோதனை அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் பேசும்போதும் சொல் தொடங்காமல் அடைத்துக்கொண்டாலோ, முதல் ஒலியே திரும்பத் திரும்ப வந்தாலோ அது திக்குவாய். அதற்குப் பயிற்சி உண்டு. ‘ஃப’, ‘ஸ’ போன்ற சீறொலிகளைப் பிறர் சொல்லும்போதே உங்களுக்கு வேறுபாடு கேட்கவில்லை என்றால் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரு நாள் நாக்குக் குழறினால் அது வேறு விஷயம், நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

விலகலாமா?

மூன்று வழிகளை எழுதியிருக்கிறீர்கள். விலகிக்கொள்வது, தமிழில் பேச அனுமதி கேட்பது, அல்லது எப்படியாவது ஆங்கிலேயரைப் போலப் பேசக் கற்றுக்கொள்வது.

விலகினால் இந்த ஒரு மாதம் நிம்மதியாக இருக்கும், மறுக்கவில்லை. அடுத்த அழைப்பு வரும்போது பயம் இதைவிடப் பெரிதாகியிருக்கும். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். தமிழில் பேசுவது நல்ல வழி. உருமாற்றப் பாறை, அனற்பாறை, படிவுப் பாறை என்று நமக்குச் சொற்கள் இருக்கின்றன. அமைப்பாளர்கள் இசைந்தால் தயங்காமல் பேசுங்கள். ஆனால் ஆய்வுப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே வாய்மொழித் தேர்வில் இந்தச் சொற்கள் எப்படியும் எதிரில் வந்து நிற்கும். பயத்தினால் தமிழுக்கு வருவதைவிட, இரண்டிலும் பேச முடியும் என்ற நிலையில் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது வழிதான் பிழையான எண்ணம். ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. சேர்வராயனை ‘ஷெவராய்’ என்றும் ஏற்காட்டை ‘யெர்காட்’ என்றும் தங்கள் நாக்குக்கு வளைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த வளைவை வரைபடத்திலும் ஏற்றினார்கள். நீங்கள் கேட்பவருக்குப் புரியும்படி அழுத்தத்தைச் சரியான அசையில் வைத்தால் போதும். அறிஞர்களிடையேகூட எல்லாச் சொல்லுக்கும் ஒரே உச்சரிப்பு இல்லை. உங்கள் மலையில் வெட்டியெடுத்த அலுமினியத் தாதுவான பாக்சைட்டையே பாருங்கள். பிரான்சில் ‘லெ போ’ என்று ஒலிக்கும் ஊரின் பெயரால் வந்தது அது. அதனால் முன்பு ‘போசைட்’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எழுத்தைப் பார்த்துச் சொன்ன ‘பாக்சைட்’ நிலைத்துவிட்டது.

அரங்கில் உங்களைத் திருப்பிச் சொல்லிக் காட்டியவரைப் பற்றி ஒரு சொல். மாணவர் பேசும்போது இடைமறித்துச் சிரிக்க வைப்பது திருத்தம் ஆகாது. உங்கள் வழிகாட்டியிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். திருத்தங்களைப் பேச்சு முடிந்த பின் சொல்லும்படி அவர் துறையில் கேட்டுக்கொள்ளலாம். சண்டையாகக் கொண்டுபோக வேண்டியதில்லை, சொல்லாமல் விழுங்கிவிடவும் வேண்டியதில்லை.

இருக்கும் நான்கு வாரத்துக்கு என் திட்டம் இது. உங்கள் பேச்சில் வரும் கடினமான சொற்களை இருபதுக்கு மிகாமல் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றிலும் தலைமை அசைக்கு மேல் கோடு, ஒடுங்கும் அசைக்குக் கீழே புள்ளி. ஊருக்குப் போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வாய்விட்டே சொல்லலாம், இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. வாரம் ஒருமுறை கைபேசியில் பதிவுசெய்து, முந்தைய வாரப் பதிவோடு ஒப்பிடுங்கள். மேடையில் சொல் பிசகினால் மறுபடி ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

பட்டியலின் தலைப்பில் ‘சார்னகைட்’ இருக்கட்டும், உங்கள் மலையின் பாறை அல்லவா? கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். எனவே முதல் ஒலி, ‘சேலம்’ என்பதில் வரும் மென்மையான ‘ச’ அன்று. ‘பச்சை’ என்பதில் இரட்டித்து வரும் வன்மையான ‘ச்ச’. சார்–ன–கைட், மூன்று அசை, அழுத்தம் முதலில், ‘ன’ ஒடுங்கும். மேக்னசைட்டின் அதே தாளம்தான். மேடையில் ஏறியதும் இந்தச் சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு ‘மோர்’ தானாக வரும்.